முழங்கால் நீரும் விமானக் காலுறையும்: ஓர் ஆராய்ச்சி

ஆகாய விமானத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்து லண்டன் போய்ச் சேருகிறவனுடைய பாதம், மீனம்பாக்கத்தில் ஏறும்போது சாதுவாக அடங்கியிருந்த அதே செருப்புக்குள், இறங்கும்போது நுழைய மாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்கிறதே, அதன் காரணத்தை ஆராய்ந்து, பரிகாரத்தையும் கூறி, அப்பரிகாரத்தின் கீர்த்தி எந்த ஊருக்கு உரியது என்பதை ஸ்தாபிப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

நடக்கிறவனுடைய ஆடுசதை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை இருதயத்தை நோக்கித் தள்ளுகிறது. முன் இருக்கைக்காரர் தம் சாய்மானத்தை நம் முழங்கால்மேல் இறக்கிவிட்ட பிறகோ ஆடுசதைக்கு வேலை இல்லை. ரத்தம் கீழே தேங்க, கணுக்கால் வீங்க, சிலருக்கு ஆழத்து நாளங்களில் ரத்தம் உறைந்து கட்டியாவதும் உண்டு. கணுக்காலில் இறுக்கிப் பிடித்து, மேலே போகப் போகத் தளர்ந்து கொடுக்கும் காலுறை இதைத் தடுக்கும். பிரமாணம் வேண்டுவோர்க்கு: பயணிகள் 2,637 பேரிடம் நடந்த சோதனைகளைக் காக்ரேன் அமைப்பினர் 2016இல் தொகுத்துப் பார்த்தபோது, அறிகுறி காட்டாத ரத்தக் கட்டி 50 பேருக்கு இருந்தது, அவர்களுள் காலுறை அணிந்தவர் மூவர், அணியாதவர் 47.

வீக்கம் வருமுன்னரே அணிவது உத்தமம். மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் தவமிருக்கும் நேரத்தையும் பிரயாண நேரத்தோடு கூட்ட வேண்டும் என்பது நமது துணிபாதலால், வடசென்னையார் வீட்டிலேயே அணிந்துகொள்க.

இனி உற்பத்தி. அமெரிக்காவில் வாழ்ந்த கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற என்ஜினீயர், தாம் கால் நாள வியாதியால் வருந்திய காலத்தில், நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வேதனை தணிவதைக் கண்டு, ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுவதே அதன் சூட்சுமம் என்று தெளிந்து, அந்த நீரையே நூலாக நெய்துவிட்டார் என்பது மேலைநாட்டார் சொல்லும் ஸ்தல புராணம். கணக்கும் பொருந்துகிறது: ஓரடி ஆழ நீரின் அழுத்தம் பாதரச அளவில் சுமார் 22 மில்லிமீட்டர், பயணக் காலுறையின் பிடியும் ஏறக்குறைய அவ்வளவே.

இங்கேதான் நாம் ஆட்சேபிக்கிறோம். எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் பெண்கள், பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி, விரலுக்கு அகப்படும் இறாலை ஒவ்வொன்றாக அதற்குள் போட்டபடி மணிக்கணக்கில் நீரில் கழிக்கிறார்களே, அந்த என்ஜினீயர் குளத்தில் இறங்குவதற்கு எத்தனை தலைமுறைக்கு முன்னர் இது தொடங்கிற்று! சடையங்குப்பத்தாரோ ஆற்றுக்குப் போகவும் வேண்டியதில்லை. பூண்டி நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட்ட மாத்திரத்தில் கொசஸ்தலையாறு வழியே சிகிச்சை வீட்டுக்குள்ளேயே, இலவசமாகவும் கட்டாயமாகவும் வந்து சேர்கிறது. 2023 டிசம்பரில் எண்ணூர் வட்டாரத்துக்கு வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது; தைல மர்த்தனமும் சேர்ந்தாலன்றிச் சிகிச்சை பூரணமாகாது என்று யாரோ கருதினர் போலும். இத்தனை அனுபவம் வாய்ந்த ஊரை எந்தக் காலுறைக் கம்பெனியாரும் தம் விளம்பரத்தில் குறிப்பிடாதது நன்றி மறந்த செயலேயாகும்.

அங்ஙனமாயின், ஒரு வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதாதா, காலுறைக்குப் பணம் எதற்கு என்று பூர்வபட்சி வினவுவார். சர்வதேச விமானத்தில் கைப்பையோடு செல்லும் திரவம் பாத்திரம் ஒன்றுக்கு 100 மில்லிலிட்டரைத் தாண்டலாகாது என்பது விதி. கொசஸ்தலையாற்றைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்து வைத்துக்கொள்வார்கள்.