ஏற்காட்டுக் காற்றும் கரகரப்புப் பழியும்: ஓர் ஆராய்ச்சியுரை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பேருந்தில் பாட்டு கரகரத்தால், "மேல காத்து ஜாஸ்தி, அதான் இழுக்குது" என்பது மலையேறுவோர் துணிபு. அது பொருந்துமோ எனின், அலைவரிசைதோறும் ஆய்ந்தே கூறல் வேண்டும் என்க.

வெயிலில் காய்ந்த பாறைச் சூடும் காப்பித் தோட்டத்து ஈரமும் கலக்குமிடத்தில் காற்று சுழன்று கலங்கும். அதன் ஒளிவிலகல் எண்ணும் உடன் கலங்கும். எவ்வளவு? அந்த எண்ணே சுமார் 1.0003. கலங்கல் தொடுவது அந்த 3-க்குப் பின்வரும் இலக்கங்களைத்தான். அலை குறுகக் குறுக அதன் பிடி இறுகும்.

திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அலை சுமார் 320 மீட்டர் நீளம். ஏற்காட்டுப் பக்கோடா பாயிண்ட் காற்று மொத்தமும் திரண்டு வந்தாலும் அதற்கு உறைக்காது. இரவில் குறுக்கே பேசும் அயல்மொழிக் குரல்கள் 100 கி.மீ. உயரத்து அயனி மண்டலத்தின் கைவேலை. ஏற்காட்டைத் தாங்கும் சேர்வராயன் மலை அதில் கட்சிக்காரன் அல்லன்.

கோடைப் பண்பலை 100.5-இல்தான் வழக்கு சூடு பிடிக்கிறது. அலை 3 மீட்டர். வருவதோ கொடைக்கானலிலிருந்து, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 190 கி.மீ. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. ஒரு வளைவில் சமவெளி தெரியும், பாட்டு தெளியும். அடுத்ததில் மலை மறைக்கும், கரகரக்கும். வளைவை எண்ணிப் பார்த்தா காற்று வீசும்? போதாக்குறைக்குப் பாறையில் பட்டுத் திரும்பிய அலை நேரே வந்த அலையோடு மோத, ஓரிரு மீட்டருக்கொரு முறை பாடகர் செத்துப் பிழைக்கிறார்.

அஃதேல், கலங்கிய காற்று இத்தகைய அலையைத் திருப்பாதோ எனின், திருப்பும். திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ராடாருக்கு அதுதான் பிழைப்பே. சுமார் 2.8 மீட்டர் அளவுக் கலங்கல்கள் திருப்பியனுப்பும் அலையைக் கொண்டு அது மேல்காற்றை அளக்கிறது. அந்த முணுமுணுப்பைக் கேட்க 1024 யாகி ஆண்டெனாக்களும் 2.5 மெகாவாட் உச்சத் திறனும் தேவைப்பட்டன. பேருந்துக்கு வாய்த்தது ஒரு கம்பி, அதுவும் வளைந்தது.

எஞ்சியது வீட்டு மாடித் தட்டு வாங்கும் செயற்கைக்கோள் தொலைக்காட்சியான டிடிஎச். சுமார் 12 கிகாஹெர்ட்ஸ், அலை 2.5 செ.மீ.; கலங்கலுக்கு இம்மூன்றில் அதிகம் இடங்கொடுப்பது இதுவே. ஆயினும் செயற்கைக்கோள் நம் உச்சிக்குப் பக்கத்தில் நிற்பதால் அலை காற்றைக் கடக்கும் தொலைவு குறைவு. மழையில் படம் கட்டங்கட்டமாக உடைவது துளிகள் அலையை விழுங்குவதால். மழையே இல்லாமல் காற்றடிக்கும் நாளிலும் உடைகிறதே எனின், அங்கே காற்று குற்றவாளிதான். அலையை ஆட்டியதற்காக அன்று, தட்டை ஆட்டியதற்காக. 60 செ.மீ. தட்டின் பார்வை அகலம் ஏறக்குறைய 3 பாகைதான்; தட்டு சற்றே ஆடினாலும் செயற்கைக்கோள் நழுவும். கணிதவியலாளர் கொல்மகோரவ் 1941-இல் எழுதிய கலங்கல் கோட்பாட்டை இதற்காகப் புரட்ட வேண்டியதில்லை. மாடியேறி நட்டை முறுக்குக.