சுகருக்கு நல்லதுங்களா?

குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் காலை வாக்கிங் வருகிறவர்கள் நடப்பதே இல்லை. என் காம்பவுண்டுச் சுவருக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். போன் வெளியே வருகிறது. இன்று ஓர் அம்மா, "அந்தக் கிளையைக் கொஞ்சம் வளைச்சுப் பிடிங்க சார், வெளிச்சம் வரலை" என்று என்னையே வேலை வாங்கிவிட்டார். நான் பனியனும் துடைப்பமுமாக நின்றிருந்தேன். இந்நேரம் படம் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்குப் போயிருக்கும். "கொடி இருக்கட்டும், அந்த ஆள் யாரும்மா?" என்று அவள் கேட்டிருப்பாள்.

கொடி என்னுடையது அல்ல. பக்கத்து வீட்டுக்காரர் வைத்தது. வேர் அவர் மண்ணில், பூ என் சன்ஷேடில். பாராட்டு அவருக்கு, பெருக்குவது நான்.

ஒரு கொடியை அடையாளம் காண இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலாவது, பூவை நம்பக் கூடாது. இந்தக் கொடி சாயங்காலம் வெள்ளையாகப் பூக்கும். மறுநாள் ரோஸ். அதற்கடுத்த நாள் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். வெள்ளையும் ராத்திரி வாசனையும் நீளமான நாக்குள்ள அந்துப்பூச்சிகளுக்காக; அந்தப் பூக்குழல் ஒரு விரல் நீளம், வேறு யாருக்கும் அடியில் உள்ள தேன் சுலபத்தில் எட்டாது. நிறம் மாறிய பிறகு பகலில் தேனீயும் தேன்சிட்டும் வரும். அவற்றுக்குள் ஒரு தகராறும் கிடையாது.

தகராறெல்லாம் மனிதர்களுக்குத்தான். ராத்திரி சாப்பிட்டுவிட்டு உலாத்துகிறவர் "மல்லி வகை" என்கிறார். காலையில் வருகிறவர் "இட்லிப்பூ சார், இது கொடி வெரைட்டி" என்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் குருக்கத்தி என்று தீர்ப்பே எழுதிவிட்டார். குருக்கத்திப் பூவின் இதழோரம் நார்நாராகப் பிரிந்திருக்கும், ஐந்து இதழில் ஒன்றில் மட்டும் மஞ்சள் பூசியிருக்கும், இதில் ரெண்டும் இல்லையே என்றேன். "சங்க காலத்தில் நீங்க இருந்தீங்களா?" என்றார். அதை நான் கேட்டிருக்க வேண்டும்.

பெயர் தெரியாதது கூடப் பரவாயில்லை. பெயரைக் கேட்கிறவர்கள் யாருக்கும் பெயர் வேண்டாம் என்பதுதான் எரிச்சல். பெயர் வெறும் முன்னுரை. அடுத்த கேள்விதான் விஷயம்: "இது சுகருக்கு நல்லதுங்களா?"

இதற்கெல்லாம் மூலகாரணம் சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்ற பெயருக்கு நியாயம் செய்கிற கொடி அது. இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் கொஞ்ச நேரத்துக்கு மணல்தான், இனிப்பே தெரியாது. அது செய்த காரியத்துக்கு ஊரில் உள்ள அத்தனை கொடியும் இன்று விசாரணைக் கைதி. கோவைக்கொடி போயிற்று. சங்குப்பூ நீல டீயாகி டம்ளருக்குள் போயிற்று. காகிதப்பூவைக்கூட ஒருவர் முகர்ந்து பார்த்துவிட்டு யோசனையோடு போனார். மணி பிளான்ட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் பணம் வரவேண்டியிருக்கிறது. அளவு எப்போதும் ஒரு கைப்பிடி. யார் கைப்பிடி என்று யாரும் சொல்வதில்லை. காலம் எப்போதும் ஒரு மண்டலம். வேளை எப்போதும் வெறும் வயிறு. வெந்தயம் வெறும் வயிற்றில், ஆவாரம்பூ வெறும் வயிற்றில், பாகற்காய்ச் சாறு வெறும் வயிற்றில், நித்தியகல்யாணி வெறும் வயிற்றில். முதலாவது போனதுமே அது வெறும் வயிறு இல்லையே ஐயா! மற்றதெல்லாம் எந்த வயிற்றில்? ஆராய்ச்சியெல்லாம் முடிந்ததும் கோஷ்டியாக முனைக்கடைக்குப் போய், கெட்டிச் சட்னியோடு போண்டா, டபுள் சர்க்கரை டீ. அதற்கு எந்த வயிறும் ஆட்சேபம் சொல்வதில்லை.

ஒருவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். இது ரங்கூன் மல்லி, பேரில்தான் மல்லி, மல்லிக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது, கடுக்காயும் தான்றிக்காயும் மருதமரமும் நாட்டுவாதுமையும்தான் இதன் சொந்தக்காரர்கள் என்றேன். கடுக்காய் என்ற சொல்லை நான் விட்டிருக்கக் கூடாது. "கடுக்காய் குடும்பமா? அப்போ சுகருக்கு..." என்று கையை நீட்டிவிட்டார். சீன வைத்தியத்தில் இதன் விதையைக் குடற்புழுவுக்குக் கொடுப்பார்கள் என்றேன். நீட்டிய கை அப்படியே திரும்பிப் போயிற்று. புழு மருந்துக்கு என்ன மரியாதை? சுகர் என்றால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு "எனக்கு இருக்கு, பாயசம் அரை டம்ளர் போதும்" என்று சொல்லலாம். வயிற்றில் புழு இருக்கிறது என்று எந்தப் பந்தியில் சொல்வது?

இரண்டாவது, பிடியைப் பார்க்க வேண்டும். கோவைக்கொடி சுருள்கம்பி விட்டுப் பிடிக்கும். இதற்கு அந்த நாகரிகமெல்லாம் இல்லை. இலை உதிர்ந்த பின்னும் காம்பின் அடி மட்டும் தண்டிலேயே தங்கி, காய்ந்து, வளைந்து முள்ளாகிவிடும். அதை மாட்டிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. கம்பியில் மாட்டலாம், ஜன்னலில் மாட்டலாம். இது என் கொடிக்கயிற்றில் காய்கிற பனியனில் மாட்டுகிறது. தோள்பட்டையில் கிழிசலோடுதான் இன்றைய போட்டோவில் நிற்கிறேன்.

கிழிந்த பனியனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் போனேன். கொஞ்சம் வெட்டிவிடுங்களேன் என்றேன்.

"பூக்கிற நேரத்தில் வெட்டக் கூடாது சார், பாவம்" என்றார்.

பூக்காத நேரம் எது என்று கேட்டேன். அண்ணாந்து கொடியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நர்சரியில் விசாரிச்சுச் சொல்றேன். அதிருக்கட்டும், இது என்ன கொடின்னு உங்களுக்கு ஏதாவது ஐடியா இருக்கா?"