உலக முடிவும் ஒரு பார்சல் கட்லட்டும்

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு என்ற மலை விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால், விடிய ஐந்து மணிக்கே நுவரெலியாவில் வேன் ஏற வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மூட்டம் ஏறிவிட்டால், ஏறக்குறைய 870 மீற்றர் கிடுகிடு பள்ளமும் வெள்ளையடித்த மதிலும் ஒன்றுதான்.

ஆனால் ஒவ்வொரு வேனிலும் ஒரு சித்தப்பா இருப்பார். எல்லாரும் ஏறிய பிறகுதான் அவர் இரண்டாவது பிளேன்டீ கேட்பார்.

1988இல் தேசியப் பூங்காவான இந்த இடத்துக்குள் பொலித்தீன் கொண்டுபோக முடியாது. நடைபாதை தொடங்கும் இடத்தில் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் உறை கழன்று கடதாசிக்கு மாறும். தண்ணீர்ப் போத்தலின் லேபலையும் உரித்துவிடுவார்கள். சித்தி மூன்று பைகளுக்குள் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிய பார்சல் சபை நடுவே அவிழும்.

"இதுக்குள்ள என்ன அம்மா?"

"கட்லட் தம்பி. ஒண்டு எடுங்கோவன்."

தம்பி கட்லட்டுக்கு மசியமாட்டார். பைகளை மட்டும் எடுத்துக்கொள்வார்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் வாகனத் தரிப்பிடத்திலேயே நிற்கிறது. கொம்பு வைத்த ஆண் மரை ஒன்று, ஈர மூக்கை வேன் யன்னலருகே நீட்டி, யார் கையில் பிஸ்கட் என்று மோப்பம் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் வேட்டை நாய்களோடு துரத்தியது இதன் மூதாதையரைத்தான். துரத்தியவர் பெயரில் இங்கே நீர்வீழ்ச்சி இருக்கிறது. துரத்தப்பட்ட இனத்துக்கு பிஸ்கட். சாப்பாட்டு வாசனைக்காகப் பொலித்தீனையும் விழுங்கி மரைகள் செத்ததுண்டு.

சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர் சொச்சம். பனியில் நனைந்த புல்வெளி, பாசி போர்த்த குட்டை மரங்கள், நடுவே ஓடைகள். மகாவலி, களனி, வளவை ஆறுகள் மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. வழியில் ஒரு கிளையில், மூக்கு நுனியில் கொம்பு முளைத்த ஓணான் அசையாமல் இருக்கும். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி அது. அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று மூச்சு வாங்கியபடி, "ஒரு மிருகத்தையும் காணேல்லையே!" என்பார் சித்தப்பா.

அவர் உலக முடிவுக்கு வந்து சேரும்போது மணி பத்தரை. எதிரே ஒரே வெள்ளை.

"நாங்கள் வர முந்தியே முடிஞ்சிட்டுது போல," என்பார் சித்தி.

போகிறவர்கள் ஆறு மணிக்கு வாசலில் நில்லுங்கள். சாப்பாட்டைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போங்கள். மரை எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் பிஸ்கட் மட்டும் கொடுக்காதீர்கள். அதற்கு வேண்டிய புல் அங்கேயே நிறைய இருக்கிறது.