மெனு மாமா

ஜாதகம் பொருந்தி, தட்டு மாற்றி, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாசல் மணி அடித்தால் அது பால்காரர் இல்லை. மெனு மாமா.

இவர் இல்லாத குடும்பம் கிடையாது. எங்கள் வீட்டில் இவர் என் மனைவியின் தாய்மாமா. முப்பத்தைந்து வருடம் ஆடிட் பிரிவில் இருந்து, பிறர் எழுதிய கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்றபின் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் சமையற்கட்டுகளில் செய்து வருகிறார். ஆடியிலும் மார்கழியிலும் கொஞ்சம் இளைப்பார். தை பிறந்தால் சட்டைப் பொத்தான்கள் மறுபடி திணறத் தொடங்கும்.

மாமாவுக்கு மணமக்களின் பெயர் நினைவிருக்காது. போட்ட பாயசம் மறக்காது. "யாரு, அந்த அடைப்பிரதமன் கல்யாணமா?" என்றுதான் அடையாளம் கேட்பார். "அந்தப் பையனுக்கு விவாகரத்து ஆயிடுச்சு மாமா" என்று ஒருமுறை சொன்னேன். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, "அடப் பாவமே. எப்பேர்ப்பட்ட பிஸிபேளாபாத்!" என்றார்.

'அறுசுவை' நடராஜன் சமையலில் ஒரு காலத்தில் பந்தியில் உட்கார்ந்ததை, சிலர் காமராஜரிடம் கைகுலுக்கியதைச் சொல்வதுபோலச் சொல்வார். 1957இல் வந்த மாயாபஜாரில் எஸ். வி. ரங்காராவ் கடோத்கஜனாக வந்து கல்யாணச் சமையல் முழுவதையும் தனி ஆளாகத் தீர்த்துக் கட்டுவாரே, அந்தக் காட்சியை டிவியில் பார்த்து வீடே சிரித்தபோது மாமா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "இதை எத்தனை இலைன்னு பில் போட்டிருப்பான்?" என்று கவலைப்பட்டார்.

என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் மாமா வந்தார். காபி கேட்டார். அதைக் குடித்துவிட்டு, "சிக்கரி ஜாஸ்தி" என்று டைரியைத் திறந்தார். பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழே ஒரு வாழை இலை வரைந்தார். நுனி, சாப்பிடுகிறவருக்கு இடது பக்கம். மேல் பாதியில் பச்சடி, கறி, கூட்டு, ஊறுகாய் வகையறா குடியிருக்கும். கீழ்ப்பாதி முழுக்க சாதத்தின் பட்டா நிலம். இருபத்து மூன்று ஐட்டம் எழுதியதும் மேல் பாதியில் இடம் தீர்ந்து, சேனை வறுவல் எல்லை தாண்டிக் கீழே இறங்கியது.

"ஒரு பாகற்காய்ப் பிட்லை வைக்கலாமே மாமா" என்று வாயைக் கொடுத்தேன்.

பேனாவைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். என் மனைவியைப் பார்த்து, "என்னம்மா, உன் வீட்டுக்காரர் பண்றது கல்யாணமா, திதியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு மெனு விஷயத்தில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாமாவின் சட்டத்தில் ஒரு காய்க்கு ஒரு வாய்ப்புதான். இனிப்புக்குக் காசி அல்வா என்று முடிவானது. பெயரில் காசி இருந்தாலும் ஜாதியில் அது வெள்ளைப் பூசணி. ஆகவே மோர்க்குழம்பிலிருந்து பூசணி வெளியேறி, அந்த இடத்துக்கு வெண்டைக்காய் வந்தது. அதனால் வெண்டைக்காய்ப் பச்சடி பதவி இழந்து, வெள்ளரிப் பச்சடி வந்தது. மோர்க்குழம்பும் தயிர், பச்சடியும் தயிர். இரண்டும் பக்கத்தில் உட்காரக் கூடாது. மோர்க்குழம்பு வற்றல்குழம்பானது. வற்றல்குழம்பு வந்துவிட்டால் பருப்பு உசிலி வேண்டும், உசிலிக்குப் பீன்ஸ் வேண்டும், ஆனால் பீன்ஸ் ஏற்கெனவே பொரியலில் இருக்கிறது. மத்தியானத்துக்குள் ஒரு பூசணிக்காயால் ஏழு பதார்த்தங்கள் ராஜினாமா செய்திருந்தன. உருளைக்கிழங்கு ரோஸ்ட் மட்டும் எந்த ஆட்சி வந்தாலும் அசையாத தலைமைச் செயலாளர்போல இருந்த இடத்திலேயே இருந்தது.

சாயங்காலம் சமையல் காண்ட்ராக்ட்காரர் வந்தார். கையில் பளபளவென்று ஒரு புத்தகம். "சில்வர், கோல்டு, பிளாட்டினம்னு மூணு பேக்கேஜ் இருக்குங்க ஐயா."

"தம்பி, நாங்க உங்களைக் கூப்பிட்டது சாப்பாடு சொல்ல. நகை எடுக்க இல்லை."

புத்தகம் பைக்குள் போனது. பிறகு ஆரம்பித்தது வாய்மொழித் தேர்வு. 19 கிலோ சிலிண்டர் யார் கணக்கு, மண்டபத்துக் கணக்கா உங்கள் கணக்கா? 20 லிட்டர் தண்ணீர் கேன் எத்தனை? நூறு பேர் பந்திக்குப் பரிமாற எத்தனை ஆள்? சாம்பார் வாளிக்காரர் வரிசையில் நடப்பாரா, ஓடுவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் காண்ட்ராக்ட்காரர் முழித்தார். மாமா விளக்கினார்: "ஓடுறவரு நாலு இலைக்கு ஒரு இலையை விட்டுடுவாரு தம்பி. விட்ட இலை சம்பந்தியோடதா இருக்கும்."

கடைசியாக மாமாவின் தூண்டில் கேள்வி: "நூறு பேருக்கு எத்தனை கிலோ அரிசி?"

"பத்து கிலோங்க."

"கலந்த சாதம் ரெண்டு இருக்கே, எட்டு போதாதா?"

"போதாதுங்க ஐயா. நம்ம ஜனங்க ரசத்துக்குத் திரும்ப சாதம் கேப்பாங்க."

மாமாவின் முகம் மலர்ந்தது. எட்டு போதும் என்று தலையாட்டியிருந்தால் அந்த மனிதர் அப்போதே படி இறங்கியிருப்பார். நானூறு பத்திரிகைக்கு ரிசப்ஷனுக்கு அறுநூறு பேர், தை மாத வேலை நாளில் காலை முகூர்த்தம் என்பதால் அதற்கு 350 இலை கேரண்டி, மேலே போனால் இலைக்கு 450 ரூபாய், குழந்தைகளுக்கு அரை இலை என்று பேசி முடித்தார்கள்.

இதற்கு நடுவில் என் பெண் வந்தாள். ரிசப்ஷனுக்குப் பானிபூரி கவுண்டர், பாஸ்தா கவுண்டர், கண் எதிரே புகை கிளம்பும் ஐஸ்கிரீம் கவுண்டர் வேண்டும் என்றாள். "நின்னுகிட்டே சாப்பிடுறதுக்குப் பேரு விருந்தா?" என்றார் மாமா. "இலையில உக்காந்தா பின்னாலேயே வந்து நாற்காலியைப் பிடிச்சுகிட்டு நிக்கறாங்களே தாத்தா, அதுக்குப் பேரு?" என்றாள் அவள். பாகப்பிரிவினை ஆனது. ரிசப்ஷன் பஃபே பேத்திக்கு, முகூர்த்த இலை தாத்தாவுக்கு. ஆனாலும் பஃபேயின் கடைசி மேஜையில் யாருக்கும் தெரியாமல் தயிர் சாதமும் மோர்மிளகாயும் எழுதிச் சேர்த்துவிட்டார். "பாரேன், பாஸ்தா தின்னவனெல்லாம் கடைசியில இங்கதான் வந்து ஒதுங்குவான்."

எல்லாம் சரி, கையைப் பார்க்க வேண்டாமா? "வர்ற ஞாயித்துக்கிழமை தாம்பரத்துல ஒரு கல்யாணம், நம்ம சமையல்தான். வந்து கை நனைச்சுட்டுப் போங்க ஐயா" என்றார் காண்ட்ராக்ட்காரர்.

யார் கல்யாணம் என்று நான் கேட்டேன். அது அநாவசியம் என்பதுபோல இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

மாமா, நான், என் மனைவி, என் அண்ணன் என்று நான்கு பேர் புறப்பட்டோம். பட்டுப்புடவையும் சரிகை வேட்டியும் மாமாவின் உத்தரவு. "யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றேன் ஆட்டோவில். "பெண் வீட்டுக்காரங்க கேட்டா மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேட்டா பெண் வீடு. கேக்கறவங்க எந்த வீடுன்னு தெரியலேன்னா சிரிச்சுகிட்டே சந்தனத்தை எடுத்துக்குங்க."

பன்னீர் தெளித்தார்கள். கற்கண்டு எடுத்துக்கொண்டோம். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார். "வாங்க வாங்க! என்ன இவ்வளவு லேட்? அம்மா வரலையா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பின்னாலிருந்து மாமா சொன்னார்: "முட்டி வலி."

"ஆமாமா, போன்லயே சொன்னாங்க" என்று அவர் எங்களைப் பந்திக்கே நேராக அழைத்துப்போய் உட்கார வைத்தார். யாருடைய அம்மா, எந்த முட்டி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வராத அம்மாக்களுக்கெல்லாம் முட்டி வலிதான் என்பது மாமாவின் அனுபவம்.

மாமா சாப்பிடவில்லை, பரிசோதித்தார். அப்பளத்தை முறித்துக் காதருகே வைத்துச் சத்தம் கேட்டார். வடையைப் பிட்டு உள்ளே பார்த்தார். சாம்பார் இரண்டாம் சுற்று வர எத்தனை நிமிடம் என்று வாட்சைப் பார்த்தார். ரசத்தை உள்ளங்கையில் குழித்து வாங்கி, உறிஞ்சி, கண்ணை மூடினார். பக்கத்து இலைக்காரர், பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து தண்ணீர் கேட்டார். மாமா கண் திறந்து, மடியிலிருந்து டைரியை எடுத்து எழுதினார்: 'ரசம். மிளகு ஒரு மாத்திரை தூக்கல். சொன்னால் கேட்பான்.'

என் மனைவிக்குத்தான் மனசு ஒப்பவில்லை. முன்பின் தெரியாத வீட்டில் சாப்பிட்டுவிட்டு எப்படிச் சும்மா போவது? "மொய் எழுதினா பேர் கேப்பாங்க" என்று மாமா தடுத்தும் கேளாமல், மேடையேறி 200 ரூபாயைப் பெண்ணின் கையில் வைத்து ஆசீர்வதித்தாள். போட்டோக்காரர் எங்களையும் இழுத்து நிறுத்தினார். அந்த ஆல்பத்தில் நாங்கள் நான்கு பேரும் இன்றைக்கும் சிரித்துக்கொண்டு நிற்கிறோம். "இவங்க உங்க பக்கமா?" என்று அந்தத் தம்பதி ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் வீட்டு முகூர்த்தத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டும்போதே மாமா சமையற்கட்டில் இருந்தார். கெட்டிமேளம் முழங்கியபோது வடை எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே மேடை இருக்கும் திசை நோக்கி அட்சதையை வீசினார். அது கூட்டு அண்டாவில் விழுந்தது என்பது மாப்பிள்ளை வீட்டார் கிளப்பிய வதந்தி.

பந்தி ஜாம் ஜாமென்று நடந்தது. மாமா வரிசை வரிசையாகப் போய் விசாரித்தார். சம்பந்தி கைகழுவி வந்து, "எல்லாம் ரொம்பப் பிரமாதம்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பளம் மட்டும் எனக்கு வரலை." மூன்று மாதம் மண்டையை உடைத்து எழுதிய இருபத்து மூன்றில் இருபத்திரண்டு அந்த நொடியில் காணாமல் போயின. இனி அது எங்கள் சொந்தத்தில் 'அப்பளம் வராத கல்யாணம்'.

மூன்று மணிக்கு, காலியான சாப்பாட்டுக் கூடத்தில், மேஜை மேல் போட்ட பேப்பர் ரோலைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது இலைக் கணக்கு தொடங்கியது. மாமா வாசலில் நிறுத்தியிருந்த பேரன் கணக்குப்படி 386. காண்ட்ராக்ட்காரர் சீட்டில் 390. அரை இலைகளைக் கூட்டினார்கள், கழித்தார்கள். நாதஸ்வரக்காரர்களையும் வீடியோக்காரர்களையும் சேர்த்தார்கள். அப்படியும் நாலு இலை உதைத்தது.

காண்ட்ராக்ட்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஐயா, ரெண்டாம் பந்தி, கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். நாலு பேரு. நான்தான் வரச் சொன்னேன்."

எனக்குச் சுரீரென்றது. ஒரு பெரியவர், கூட மூன்று பேர். நான்தான் வாசலில் கையைப் பிடித்து, "அம்மா வரலையா?" என்று விசாரித்தேன். "முட்டி வலி" என்றார். பாவம் என்று நானே கூட்டிப்போய் உட்கார வைத்தேன்.

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு 386ஐ அடித்துவிட்டு 390 என்று எழுதினார். "சரி தம்பி, நம்ம கணக்குலயே இருக்கட்டும். அந்தப் பெரியவரு ரசத்தை எப்படிக் குடிச்சாரு?"

"உள்ளங்கையில வாங்கித்தாங்க. கண்ணை மூடிகிட்டு."

"விஷயம் தெரிஞ்ச மனுஷன். என்ன சொன்னாரு?"

"எல்லாம் திருப்திங்க. வைகாசிக் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கறேன்னுட்டாரு. ரசத்துல மட்டும் மிளகு ஒரு மாத்திரை தூக்கல்னாரு."

மாமா மூடிய பேனாவை மறுபடி திறந்தார். 390ஐ அடித்து, 386 என்று எழுதினார்.