ஐந்தாவது நட்சத்திரம்

போர்க்காலக் கடற்படைத் தளபதி ஒருவர் எடுத்த துணிச்சலான முடிவு வீரமா, அசட்டுத்தனமா? இந்தக் கேள்விக்கு அறிஞர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், வீண் உழைப்பு. அமெரிக்கக் கடற்படை 1945 டிசம்பரிலேயே இதற்கு விடை சொல்லிவிட்டது: தோள்பட்டையைப் பார், நட்சத்திரத்தை எண்ணு, தீர்ப்பை எழுது.

அந்த மாதம் 3-ஆம் தேதி கேப்டன் சார்லஸ் மெக்வேயை வாஷிங்டனில் படைநீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 11-ஆம் தேதி அட்மிரல் வில்லியம் ஹால்சிக்கு ஐந்தாவது நட்சத்திரம் சூட்டினார்கள். கேப்டன்களுக்கு நட்சத்திரமே கிடையாது, ஒரு கழுகுச் சின்னம்தான். வழக்கு தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் பெரியவரைப் பார்ப்போம். பத்திரிகைகள் அவருக்குக் 'காளை' என்று பட்டம் சூட்டியிருந்தன. 1944 அக்டோபர் 24 இரவு, பிலிப்பைன்ஸின் லேட்டே தீவில் ஏற்கெனவே தரையிறங்கியிருந்த படைகளுக்கு அவருடைய கப்பற்படைதான் காவல். வடக்கே ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் 4 தென்பட்டன. அவற்றில் விமானங்களும் போதவில்லை, பயிற்சி பெற்ற விமானிகளும் இல்லை. காளையை இழுக்கவென்றே ஆட்டிய துணி அது. காளை பாய்ந்தது. 60-க்கும் மேற்பட்ட கப்பல்களை மொத்தமாகத் திரட்டிக்கொண்டு வடக்கே ஓடினார் ஹால்சி. சான் பெர்னார்டினோ நீரிணையைக் காக்க ஒரு நாசகாரிக் கப்பலைக்கூட விட்டுவைக்கவில்லை. காவலுக்கு ஆள் இருக்கிறது என்றே மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

திறந்து கிடந்த அந்த வழியாக, உலகின் மிகப் பெரிய போர்க்கப்பலான யமாட்டோவுடன் ஜப்பானிய அட்மிரல் குரிட்டா உள்ளே வந்தார். சமார் தீவுக்கு அப்பால் எதிரே நின்றவை அமெரிக்கர்களின் சிறு விமானந்தாங்கிகள் 6, நாசகாரிகளும் அவற்றைவிடச் சிறிய துணைக்கப்பல்களுமாக 7. சுமார் 2,000 டன் எடையுள்ள 'ஜான்ஸ்டன்' கப்பலின் தளபதி எர்னஸ்ட் எவன்ஸ், கட்டளைக்குக்கூடக் காத்திராமல் கப்பலைத் திருப்பி அந்தப் போர்க்கப்பல் மலைகளை நோக்கிச் செலுத்தினார். கப்பலும் போனது, அவரும் போனார். அன்று கடலில் விழுந்தவர்களில் பலர் இரண்டு நாள் மீட்பாரின்றிச் சுறாக்களுக்கு நடுவே மிதந்தார்கள். துணிச்சலைப் பற்றிப் பாடம் நடத்த விரும்புகிறவர்கள் எவன்ஸிடமிருந்து தொடங்கலாம். ஆனால் செத்தவர் பெயரில் கைதட்டி என்ன பயன்? பேட்டி கொடுக்க அவர் வரமாட்டாரே.

'உன் கப்பல்கள் எங்கே?' என்று மேலதிகாரி அட்மிரல் நிமிட்ஸ் கேட்டனுப்பிய செய்தியைப் படித்த ஹால்சி தொப்பியைக் கழற்றித் தரையில் வீசினார். ஆத்திரம் அடங்கித் தெற்கே திரும்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. அங்கே பையன்கள் முழுகிக்கொண்டிருந்த ஒரு மணி நேரம். பிற்பாடு இந்தச் சண்டையில் தான் செய்த பெரிய தவறு எது என்று ஹால்சியே சொல்லியிருக்கிறார். வடக்கே ஓடியது அல்ல, தெற்கே திரும்பியதுதானாம்!

இரண்டு மாதம் போகவில்லை. டிசம்பர் 18 அன்று அதே படையைச் சூறாவளிக்குள் ஓட்டிச் சென்றார். தக்கையாகத் தத்தளித்த 'ஹல்', 'ஸ்பென்ஸ்', 'மோனகன்' மூன்றும் கவிழ்ந்தன. மொத்தம் 790 பேர் செத்தார்கள். ஒரு ஜப்பானியன்கூட ஒரு குண்டும் சுடவில்லை. விசாரணை மன்றம் கூடியது. தவறு நடந்ததுதான், ஆனால் போர் நெருக்கடியில் நடந்தது, கடமையை முடிக்கும் பாராட்டத்தக்க ஆர்வத்தால் நடந்தது என்று முடித்தது. பாராட்டத்தக்க ஆர்வம்! 790 வீடுகளுக்குப் போன தந்தியில் இதையும் சேர்த்திருக்கலாம்.

1945 ஜூனில் இன்னொரு சூறாவளி, மறுபடியும் அதே ஹால்சி. 'பிட்ஸ்பர்க்' கப்பலின் முகப்பே பிய்ந்து போனது. இம்முறை விசாரணை மன்றம் அவரை வேறு பொறுப்புக்கு மாற்றலாம் என்றே பரிந்துரைத்தது. மேலிடம் கேட்கவில்லை. மக்கள் கொண்டாடும் வீரரை நீக்கினால் மனோபலம் கெட்டுவிடுமாம். முழுகியவர்களின் மனோபலத்துக்குத்தான் இனிக் கேடில்லையே.

இனி மெக்வே. ஹிரோஷிமா குண்டின் பாகங்களை டினியன் தீவில் இறக்கிவிட்டு, 'இண்டியானாபொலிஸ்' கப்பலை லேட்டே நோக்கிச் செலுத்திக்கொண்டிருந்தார். துணைக்கப்பல் கேட்டார், மறுத்தார்கள். வழியில் நீர்மூழ்கிகள் நடமாடுவது மேலிடத்துக்குத் தெரியும், அவருக்குச் சொல்லவில்லை. 1945 ஜூலை 30, நள்ளிரவு தாண்டியதும் ஐ-58 நீர்மூழ்கியின் டார்பிடோக்கள் தாக்கின. கப்பல் 12 நிமிடத்தில் முழுகியது. சுமார் 900 பேர் கடலில் மிதந்தார்கள்.

கரையில் யாரும் தேடவில்லை. போர்க்கப்பல் வந்து சேர்ந்தால் தெரிவிக்க வேண்டியதில்லை என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. அப்படியானால் வராவிட்டாலும் தெரிவிக்க வேண்டியதில்லை என்று அலுவலகம் பொருள் கொண்டது. கோப்பு ஒழுங்காக இருந்தது, ஆட்கள்தான் கடலில் இருந்தார்கள். ஆகஸ்ட் 2 அன்று ஒரு ரோந்து விமானி தற்செயலாகக் கீழே பார்த்தார். கப்பலில் இருந்த ஏறத்தாழ 1,200 பேரில் உயிரோடு மீண்டவர்கள் 316.

யாரைத் தண்டிப்பது? நீரிலிருந்து பிழைத்து வந்த கேப்டனை! கப்பலை வளைத்து வளைத்துச் செலுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு. அதை அவர் விருப்பத்துக்கே விட்டிருந்தது அவருக்குத் தந்த உத்தரவு. கப்பலை மூழ்கடித்த ஹாஷிமோட்டோவையே ஜப்பானிலிருந்து கொண்டுவந்து சாட்சி சொல்ல வைத்தார்கள். வளைத்து ஓட்டியிருந்தாலும் அடித்திருப்பேன் என்றார் அந்த மனிதர். எதிரிக்கு இருந்த நேர்மை சொந்தப் படைக்கு இல்லை. குற்றவாளி என்றே தீர்ப்பு. போரில் நூற்றுக்கணக்கான அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அழிந்தன. எதிரி அழித்த கப்பலுக்காகப் படைநீதிமன்றம் ஏறிய கேப்டன் இவர் ஒருவர்தான். கரையில் தூங்கிய அதிகாரிகள் சிலருக்குப் போன கண்டனக் கடிதம்கூடப் பின்னால் திரும்பப் பெறப்பட்டது.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கடலில் உடைந்தாலும் கணக்கு அதுதான்.

இதில் வேடிக்கை, 'இண்டியானாபொலிஸ்' அட்மிரல் ஸ்ப்ரூயன்ஸின் கொடிக்கப்பல். அவர் மிட்வே போரில் வென்றவர். சாய்பானில் காவலை விட்டு எதிரியைத் துரத்த மறுத்ததற்காகக் கோழை என்ற அளவுக்குத் திட்டு வாங்கியவர். அந்த ஐந்தாவது நட்சத்திரத்துக்கு அவரும் ஹால்சியும்தான் போட்டியில் இருந்தார்கள். நின்று காத்தவருக்குக் கிடைக்கவில்லை, விட்டு ஓடியவருக்குக் கிடைத்தது.

இறந்தவர்களின் குடும்பங்கள் மெக்வேக்குப் பல ஆண்டுகள் வசைக் கடிதம் அனுப்பின, கிறிஸ்துமஸ் நாளிலும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குற்றவாளி இவர்தான் என்று விலாசம் கொடுத்தது கடற்படை. 1968 நவம்பரில் மெக்வே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். பிழைத்த மாலுமிகள் பல ஆண்டுகள் போராடியும் அசையாத வழக்கைப் பள்ளிப் பாடத்துக்காகத் தோண்டியெடுத்தது 12 வயதுப் பையன். 2000-இல் அமெரிக்க நாடாளுமன்றம் மெக்வே மீது பழியில்லை என்று தீர்மானம் போட்டது. 2001-இல் கடற்படை அதை அவருடைய பணிப் பதிவேட்டில் சேர்த்தது.

படைநீதிமன்றத்தின் தீர்ப்பை மட்டும் ரத்து செய்யவில்லை. 790 பேருக்காகப் படைநீதிமன்றத்தில் யாரையும் நிறுத்தவும் இல்லை.