ஐந்தாம் அச்சம்: பகடையும் பழைய பேப்பரும் குறித்து ஓர் ஆராய்ச்சி

அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கணக்கை முடித்து வைத்திருக்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை என்றும் அந்த நூற்பா கையோடு சொல்லிவிடுகிறது. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் 1981-இல் அமெரிக்காவின் கேயாசியம் நிறுவனத்துக்காக சாண்டி பீட்டர்சன் என்பவர் ‘கால் ஆஃப் கதுலு’ என்ற விளையாட்டை எழுதினார். அன்றிலிருந்து கணக்கு எங்கேயோ உதைக்கிறது. நாலில் அடங்காத ஐந்தாம் அச்சம் ஒன்று உண்டா, உண்டென்றால் அதை முறுக்கு தின்றுகொண்டிருக்கும் நான்கு பேருக்கு ஊட்டுவது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் சொல் விளக்கம். இந்த ஆட்டத்தில் பலகை கிடையாது, நகர்த்தக் காய் கிடையாது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். கதையை நடத்துகிறவருக்குக் ‘கீப்பர்’ என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள்: 1920களின் பாஸ்டன் நகரில் ஒரு பேராசிரியர், ஒரு நிருபர், ஒரு டாக்டர், காசுள்ள ஒரு சோம்பேறி. “கதவைத் திறக்கிறேன்” என்பார் ஒருவர். திறந்ததா, திறந்த பிறகு அவர் கதி என்ன என்பதைக் கீப்பரும் பத்துமுகப் பகடைகள் இரண்டும் சேர்ந்து தீர்மானிக்கும். 1974-இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதில் ஆட ஆட வீரனுக்குப் பலம் கூடும்; அரக்கனை வெட்டுவான், புதையலை அள்ளுவான். இளைய பிள்ளை நேர்மாறு. ஆட ஆட ஆள் தேய்வான்.

பெயரிலேயே ஒரு சிக்கல். எச். பி. லவ்கிராஃப்ட் 1926-இல் எழுதி, 1928 பிப்ரவரி ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் அச்சான சிறுகதையிலிருந்து வந்தது கதுலு என்னும் இந்தப் பூதம். அதன் பெயர் மனிதத் தொண்டைக்காக ஏற்பட்டதல்ல என்பது லவ்கிராஃப்ட் தரும் விளக்கம். தமிழுக்கு இது புதிய செய்தி அல்ல. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று நம் இலக்கணம் எப்போதோ வாசலை அடைத்துவிட்டது. ‘க்துலு’ உள்ளே நுழைய முடியாது. ஆகவே கதுலு. ஒரு ககரத்துக்கு உயிர் கொடுத்ததால் பூதத்தின் வீரியம் எவ்வளவு குறைந்தது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி வகைப்பாடு. கதுலுவின் தலை எட்டுக்கால் கணவாய் போன்றது. இதை நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்கள். பேயும் கணவாயும் ஒரே சொல்லில் வந்துவிட்டதால் அணங்கு, விலங்கு இரண்டும் ஒரே வரியில் தீர்ந்தன. அதை வழிபடும் கூட்டம் இருப்பதால் இறை. கள்வரோ ஆட்டத்துக்குள் இல்லை, மேசையில் இருக்கிறார்: பக்கத்துத் தட்டிலிருந்து முறுக்கை எடுப்பவர். நான்கும் பொருந்துகின்றன. ஆனாலும் யாரும் பயப்படுவதில்லை. புதிய கீப்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கொழகொழப்பையும் உணர்கொம்புகளையும் பத்து நிமிடம் வருணித்து முடித்ததும், “அதுக்கு எத்தனை கால்?” என்று ஒருவர் கேட்பார்; அத்தோடு அன்றைய திகில் முடிந்தது. லவ்கிராஃப்டுக்குக் கடல் உணவென்றாலே குமட்டும். மீன்குழம்பில் வளர்ந்தவர் கணவாய் முகத்தைக் கண்டால் மிரளுவாரா, கிலோ என்ன விலை என்று கேட்பாரா?

எனவே அச்சம் கணவாயில் இல்லை. எங்கே இருக்கிறது என்பதற்கு மூலக்கதையே சாட்சி. அதில் பெரும்பகுதி ஓர் அலுவலகக் கோப்பு. இறந்துபோன பேராசிரியர் விட்டுச்சென்ற பெட்டியில் குறிப்புகள், செய்தித்தாள் நறுக்குகள், 1907-இல் நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் நடத்திய சோதனை பற்றிய விவரம். கதையின் திருப்புமுனை எது? நியூ ஜெர்சியில் ஓர் அருங்காட்சியகத்தில் கல் மாதிரிகளுக்கு அடியில் அலமாரியில் விரித்திருந்த பழைய பேப்பர். 1925 ஏப்ரல் 18 தேதியிட்ட ஆஸ்திரேலிய இதழ். அரிசி டின்னை நகர்த்தினால் அடியில் விரித்த தாளை நின்றபடி முழுக்கப் படித்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று மறந்துபோகும் வர்க்கத்தினருக்கு இதைவிட நம்பகமான திகில் காட்சி கிடைக்காது.

பீட்டர்சனின் விதிகளும் இந்தக் குமாஸ்தாத்தனத்தைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. ஆட்டத்தில் ‘நூலகப் பயன்பாடு’ என்று ஒரு திறமை உண்டு. துப்பாக்கி சுடத் தெரியாதவர் கொஞ்ச நேரம் பிழைப்பார். இது தெரியாதவர் எதற்காகச் சாகிறோம் என்பதே புரியாமல் சாவார். புதியவர்களுக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் முதல் கதை ‘தி ஹான்ட்டிங்’. பாஸ்டனில் வாடகைக்கு ஆள் வராத வீடு. என்னவென்று பார்க்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறார் வீட்டுக்காரர். அந்த வீட்டில் கட்டில் ஆளைத் தூக்கி ஜன்னல் வழியே எறியும், கத்தி தானாகப் பறக்கும். ஆனால் விவரமுள்ள குழு முதலில் போவது பத்திரிகை அலுவலகத்துக்கும் நூலகத்துக்கும் பத்திரப் பதிவுகள் இருக்கும் இடத்துக்கும். வில்லங்கச் சான்றிதழ் பார்க்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்ற பாடத்தை அமெரிக்கப் பேய்க்கதை ஒன்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்லியிருப்பது நம் பதிவுத்துறையின் கவனத்துக்கு உரியது.

ஆட்டத்தின் இதயம் ‘சானிட்டி’ என்னும் சித்த இருப்பு. இதை ஒரு பாஸ்புக் என்று கொள்க. பயங்கரமானதைக் காணும்போதெல்லாம் பற்று எழுதப்படும். கதுலுவை நேரில் கண்டு பகடையில் வென்றாலும் 1 முதல் 10 வரை போகும். தோற்றால் 1 முதல் 100 வரை. இருப்பே 99-ஐத் தாண்டாது என்பதை நினைத்தால் வங்கியின் மனநிலை விளங்கும். ஒரே அதிர்ச்சியில் 5 அல்லது அதற்கு மேல் போனால் அறிவுக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். இங்கேதான் பீட்டர்சனின் குறும்பு. அந்தச் சோதனையில் தேறியவருக்குத்தான் பித்துப் பிடிக்கும். தவறியவருக்குக் கண்டது என்னவென்று புரியாது, நன்றாக இருப்பார். போதாக்குறைக்கு, கதுலு சமாசாரங்களைப் படித்து ஞானம் ஏற ஏற, இருப்பின் உச்சவரம்பு அதே அளவு நிரந்தரமாக இறங்கும். படிப்பு வரப் பைத்தியம் வரும் என்று ஊர்க் கிழவிகள் சொன்னதற்கு இவ்வளவு துல்லியமான வாய்ப்பாடு வேறெங்கும் இல்லை.

ஜப்பானில் இந்தப் பாஸ்புக் ஆட்டத்தை விட்டே வெளியே வந்துவிட்டது. 1986-இல் அங்கே மொழிபெயர்ப்பு வெளியானது. இன்று அந்த ஆட்டத்தை ஆடாத இளைஞர்கூட மனசு கலங்கும்போது தன் ‘சான்’ மதிப்பு இறங்குகிறது என்று இணையத்தில் எழுதுகிறார்.

கதைக்குக் கரு எங்கே கிடைக்கும் என்று கேட்கிற கீப்பர்கள் பூதப் படங்களைப் புரட்டுகிறார்கள். தேட வேண்டிய இடம் அது அல்ல. லவ்கிராஃப்ட் அன்றாடப் பேப்பரைத்தான் பார்த்தார். கதுலு விழித்துப் புரளும் இரவுக்கு முன் நியூ இங்கிலாந்தில் நிலம் அதிர்ந்ததாகக் கதையில் வருகிறது: 1925 பிப்ரவரி 28. அன்று கியூபெக்கில் உண்மையிலேயே பெரிய நிலநடுக்கம். நியூ இங்கிலாந்து வரை உணரப்பட்டது. 1927 நவம்பரில் வெர்மான்டில் வரலாறு காணாத வெள்ளம். ‘தி விஸ்பரர் இன் டார்க்னெஸ்’ கதை அந்த வெள்ளத்தில் மிதந்து வந்த இனந்தெரியாத உடல்களோடு தொடங்குகிறது. அதே கதை பாதியில் நின்றபோது, 1930 மார்ச்சில், புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தது. மனிதர் சும்மா இருப்பாரா? கதையில் வரும் ஜந்துக்களின் இப்போதைய குடியிருப்பு அதுதான் என்று முகவரி எழுதிக் கொடுத்துவிட்டார். 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவில் கண்ட கரிய திட்டு ஒன்றுக்கு விஞ்ஞானிகள் செல்லமாக வைத்த பெயர் கதுலு. கடன் அடைந்தது.

கோப்புக்கு எண் முக்கியம். கதுலு உறங்கும் ருல்யே நகரத்துக்கு லவ்கிராஃப்ட் கொடுத்த இருப்பிடம் தென் அட்சம் 47 பாகை 9 கலை, மேற்குத் தீர்க்கம் 126 பாகை 43 கலை. ‘எங்கோ நடுக்கடலில்’ என்று எழுதியிருந்தால் யாரும் சீந்தியிருக்கமாட்டார்கள். 1992-இல் ஹர்வோயே லுகாதேலா என்ற நில அளவைப் பொறியாளர், பூமியில் எந்தக் கரைக்கும் மிக எட்டத்தில் உள்ள கடற்புள்ளியைக் கணித்தார். நீமோ முனை என்று அதற்குப் பெயர். மிக அருகிலுள்ள நிலமே சுமார் 2,688 கி.மீ. தொலைவு. லவ்கிராஃப்டின் புள்ளிக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ 300 கி.மீ.தான். ஆயுள் முடிந்த விண்கலங்களை இறக்கிவிடும் இடுகாடு அந்தக் கடல்தான். 1997-இல் அமெரிக்காவின் நீரொலிக் கருவிகள் தென் பசிபிக்கிலிருந்து மிகத் தாழ்ந்த, மிகப் பலமான ஓர் ஓசையைப் பதிவுசெய்தன, ‘ப்ளூப்’ என்றார்கள். பிறகு, பனிப்பாறை வெடித்த ஓசை என்று விளக்கம் வந்தது. நல்ல கீப்பர் இந்த விளக்கத்தையும் மறைக்காமல் வாசித்துக் காட்டுவார். அரசாங்கம் அமைதியாக விளக்கம் கொடுக்கும்போதுதான் மேசையில் முறுக்குச் சத்தம் நிற்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கோப்பில் இன்னொரு தாள் இருக்கிறது. 1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர் என்னும் பிராணி மடகாஸ்கரில் ஏன், அதன் உறவுகள் இந்தியாவில் ஏன் என்று யோசித்து, நடுவே மூழ்கிய கண்டம் ஒன்று இருந்திருக்கும் என்றார். லெமூரியா. அறிவியல் அதைப் பிறகு கைவிட்டது. 1882 முதல் அடையாறில் தலைமையகம் கொண்ட தியசாபிகல் சங்கத்தார் விடவில்லை. அவர்களில் ஒருவரான ஸ்காட்-எலியட் லெமூரியாவைப் பற்றி எழுதிய புத்தகம் கதுலு கதையில் பெயரோடு வருகிறது. பேராசிரியரின் குறிப்புகளில் அதுவும் ஒன்று. அதே லெமூரியாவைத்தான் இங்கே கடல்கொண்ட குமரியோடு பொருத்தினார்கள். உரையாசிரியர் அடியார்க்குநல்லார் எழுநூற்றுக் காவதம், 49 நாடு என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தது வசதியாகப் போயிற்று. மூழ்கிய நிலம் ஒன்றுதான். நாம் அதில் தாய்வீட்டைக் கண்டு கண்கலங்கினோம். லவ்கிராஃப்ட் அதே தண்ணீருக்குள் எட்டிப்பார்த்து, கீழே எவனோ தூங்குகிறான் என்று அலறினார்.

அலறலில் ஒரு பங்கு அசிங்கமானது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். லவ்கிராஃப்ட் பகிரங்க இனவெறியர். ‘தி ஹாரர் அட் ரெட் ஹுக்’ கதையில் பூதத்தைவிட அவரை அதிகம் மிரட்டியவர்கள் நியூயார்க்கில் குடியேறிய ஏழைகள். தொல்காப்பியக் கணக்கில் இது ‘கள்வர்’ வகை, அதுவும் பிறரைக் கள்வரென்று தாமே முடிவுகட்டிய வகை. இன்றைய கீப்பர்கள் இதை மூடி மறைக்காமல் திருப்பிப் போடுகிறார்கள். எழுத்தாளர் விக்டர் லாவால் 2016-இல் அதே கதையை ஒரு கறுப்பின இளைஞனின் பக்கத்திலிருந்து எழுதினார். கிறிஸ் ஸ்பைவியின் ‘ஹார்லெம் அன்பவுண்ட்’ ஆட்டநூல் கறுப்பின மக்களையே துப்பறிவாளர்களாக்கியது. பூதமும் போலீஸும் ஒரே தெருவில் வரும்போது எதற்கு முதலில் பயப்படுவது என்பது அந்த மேசையில் நிஜமான கேள்வி.

விதிகளிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. பகடை சதிசெய்து துப்பு கிடைக்காமல் போனால் கதை அங்கேயே படுத்துவிடும். கென்னத் ஹைட் எழுதிய ‘டிரெயில் ஆஃப் கதுலு’ (2008), சரியான இடத்தில் சரியாகத் தேடினால் துப்பு கிடைத்தே தீரும் என்று வைத்தது. கிரஹாம் வாம்ஸ்லியின் ‘கதுலு டார்க்’கில் பூதத்தோடு சண்டை போட்டால் சாவு, அதற்கு மேல் சண்டை விதி கிடையாது. ‘டென் கேண்டில்ஸ்’ ஆட்டத்தில் ஏற்றிவைத்த பத்து மெழுகுவர்த்திகளும் ஒவ்வொன்றாக அணைய, கடைசி இருட்டில் எல்லோரும் சாவார்கள் என்பது முன்கூட்டியே தெரியும். மின்வெட்டுக் காலத்தைக் கண்ட தமிழர்களுக்கு இதில் புதுமை மெழுகுவர்த்தி மட்டுமே.

பொருட்செலவைக் கருதினால், அச்சமூட்ட மலிவான உபாயம் டிகாஷன். சாதாரண வெள்ளைத் தாளில் கடிதம் எழுதி, ஆறிய டிகாஷனில் நனைத்து, காயவைத்து, மடித்து, ஓரத்தைக் கொஞ்சம் கிழித்தால் நூறு வருடம் ஏறிவிடும். 1984-இல் வந்த ‘மாஸ்க்ஸ் ஆஃப் நயர்லத்தோடெப்’ கதைத்தொகுப்பின் புகழே இப்படிப்பட்ட தாள்களால்தான். கொலையுண்ட ஒரு நண்பரின் அறையில் சில கடிதங்களும், ஷாங்காய் மதுக்கடை ஒன்றின் தீப்பெட்டியும் கிடைக்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு குழு லண்டன், கெய்ரோ, கென்யா என்று அலைகிறது. கையில் ஒரு தாளைக் கொடுத்தால் வாயில் இருக்கும் முறுக்கு மறந்துபோகும். தாளில் எழுதியவருக்கு இவர்களைப் பற்றித் துளியும் அக்கறை இல்லை, கதுலுவுக்கும் இல்லை, பிரபஞ்சத்துக்கும் இல்லை. மனு கொடுத்துவிட்டு ஜன்னலோரம் நிற்கிறவனை நிமிர்ந்துகூடப் பார்க்காத அந்தப் பாராமுகம்தான் ஐந்தாவது. நூற்பாவில் சேர்க்க யாரிடம் விண்ணப்பிப்பது என்று தெரியவில்லை.

துணைச்சான்று ஒன்று. கதுலு கதையில் விபரீதக் கனவு காணும் சிற்பி குடியிருப்பது பிராவிடன்ஸ் நகரின் 7, தாமஸ் தெரு. அந்த ஃப்ளூர்-டி-லீ கட்டடம் இன்றும் இருக்கிறது. 1929-இல் அந்த ஊர்ப் பத்திரிகையின் பத்தி எழுத்தாளர் பெர்ட்ரண்ட் ஹார்ட் கதையைப் படித்து, ஒரு காலத்தில் தாம் குடியிருந்த முகவரி அது என்று கண்டு கொதித்தார். பழிக்குப் பழியாக, விடியற்காலை 3 மணிக்கு லவ்கிராஃப்டின் வாசலுக்கு ஒரு பேயை அனுப்பிவைப்பேன் என்று பத்தியில் மிரட்டினார். லவ்கிராஃப்ட் பதிலுக்கு ஹார்ட்டின் பேருக்கு ஒரு கவிதை எழுதினார். எழுதிய நேரமும் பதிவாகியிருக்கிறது: நவம்பர் 30, விடியற்காலை 3:07. ஏழு நிமிடத் தாமதத்துக்குக் காரணம் காட்டப்படவில்லை.