துடைப்பமும் துணைப் பயிற்சியாளரும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் துணைப் பயிற்சியாளர் என்பவர், ஓடும் உரிமையை இழந்த பின்னும் ஓடுபவர்களுக்காக மூச்சு வாங்கும் கடமையை இழக்காத முன்னாள் ஆட்டக்காரராகவே பெரும்பாலும் இருக்கிறார். கல்லூரி அணியில் ஒருவர் நான்கு பருவங்களே ஆடலாம் என்பது நெடுநாளைய விதி. ஆகவே இருபத்திரண்டு வயதில், ஏனையோர் வாழ்க்கையைத் தொடங்கும் பருவத்தில், இவர் 'முன்னாள்' என்ற அடைமொழியைப் பெற்றுவிடுகிறார். அடைமொழி வந்த பிறகும் அரங்கை விட்டுப் போக மனமில்லாதவர்களுக்காகவே இப்பதவி ஏற்பட்டது போலும்.

இத்தொழிலின் பூர்வீகம் சற்று வில்லங்கமானது. 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக்கூடைகளை மாட்டி இவ்விளையாட்டைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், பின்னர் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளரானார். 55 ஆட்டங்களில் வென்று 60 ஆட்டங்களில் தோற்றார். அப்பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த கணக்கோடு விடைபெற்றவர், விளையாட்டைக் கண்டுபிடித்த அவர் ஒருவரே. அவரிடம் ஆடிய ஃபாரஸ்ட் ஆலன் பயிற்சியாளராகக் கிளம்பியபோது, இது ஆடுவதற்குரியதே அன்றிக் கற்பிப்பதற்குரியதன்று என்று நெய்ஸ்மித் சொன்னதாகச் செவிவழிச் செய்தி உண்டு. கைவசமிருந்த புள்ளிவிவரம் அக்கருத்துக்கு வலுவூட்டியிருக்கவும் கூடும். ஆலன் கேட்கவில்லை. ஆலனின் 1952ஆம் ஆண்டுச் சாம்பியன் அணியில் பெரும்பாலும் பெஞ்சில் அமர்ந்திருந்த டீன் ஸ்மித், 1958இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்து, 1961இல் தலைமையேற்று, 1997இல் ஓய்வு பெறும்போது 879 வெற்றிகளை ஈட்டியிருந்தார். நன்றாக ஆடியவருக்கு ஆட்டம் தெரியும், பெஞ்சில் இருந்தவருக்கு ஆட்டத்தோடு பயிற்சியாளரின் முகமும் தெரியும் என்று இதிலிருந்து துணியலாம்.

பணியின் இயல்பை நோக்கினால், எதிரணியை வேவு பார்த்தல் முதலிடம் பெறும். அதாவது அடுத்து மோதவிருக்கும் அணியின் ஒளிப்பதிவுகளை நள்ளிரவு வரை முன்னும் பின்னும் ஓட்டி, எவன் இடக்கையால் பந்தைத் தட்டத் தயங்குகிறான் என்று குறித்து, மறுநாள் அதனைப் பத்தொன்பது வயது இளைஞர்களுக்கு விளக்குதல். அவர்களோ மேசைக்கடியில் கைப்பேசியைத் தேடிக்கொண்டிருப்பர். அடுத்தது ஆள்திரட்டல், அதாவது பள்ளி மாணவர்களையும் அவர்களைவிட முக்கியமாக அவர்களுடைய தாய்மாரையும் கண்டு பேசித் தம் கல்லூரிக்கு இசையச் செய்தல். மூன்றாவது பணிதான் ஆராய்ச்சியாளரின் தனிக் கவனத்துக்குரியது. எதிரணியில் ஏழடி உயரமுள்ள தடுப்பாளர் இருந்து, தம் அணியில் அத்தகையவர் இல்லாதபோது, கூடையின் கீழே ஒருவர் துடைப்பத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்க, ஆட்டக்காரர்கள் அதற்கு மேலாகப் பந்தை எறிந்து பழகுவர். சில ஆண்டுகளுக்கு முன் ஆயிரக்கணக்கானோர் பெயர் சொல்லி ஆர்ப்பரித்த ஒருவர் இன்று கைநோகத் துடைப்பம் ஏந்தி நிற்பதும், பந்து அதில் பட்டுத் தெறித்தால் 'நல்ல தடுப்பு' என்று அவரையே பாராட்டுவதும் இத்துறையில் இயல்பான நிகழ்ச்சிகள்.

ஆட்டத்தின்போது நின்றுகொண்டு கத்தும் உரிமை நெடுங்காலம் தலைமைப் பயிற்சியாளருக்கே உரியதாக இருந்தது. மற்றவர் அருமையான ஆட்டத்தைக் கண்டு துள்ளி எழலாம், ஆனால் உடனே அமர்ந்துவிட வேண்டும் என்பது அன்றைய விதி. இடைநிறுத்தத்தில் தலைமைப் பயிற்சியாளர் முதலில் துணைவர்களோடு தனியே கூடிப் பேசுவார். அவர்கள் சொல்லும் யோசனை பலித்தால் அது அவருடைய மேதைமை, பலிக்காவிட்டால் துணைவரின் வேவுக்குறிப்பில் பிழை.

ஊதியம் பற்றியும் ஒரு சொல். 1991இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ., சிக்கனம் கருதியும் புதியவர்களுக்கு இடம் கிடைக்கட்டும் என்ற பரிவினாலும், 'வரம்பிட்ட வருவாய்ப் பயிற்சியாளர்' என்றொரு வகையை உண்டாக்கி, அவருக்கு ஆண்டுக்கு 16,000 டாலருக்கு மேல் தரலாகாது என்று விதித்தது. பாதிக்கப்பட்டோர் வழக்காடினர், எல்லாரும் கூடி ஊதியத்தைக் கட்டுப்படுத்துவது சந்தைப் போட்டிச் சட்டத்துக்கு மாறானது என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறியது. மறு ஆண்டு சங்கம் 5.45 கோடி டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. மிச்சம் பிடித்ததாக எண்ணிய தொகையைவிட இது அதிகமா என்று சங்கம் கணக்குப் பார்த்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் ஏன் இப்பதவியை நாடுகிறார் என்பதற்கு டியூக் பல்கலைக்கழகத்தின் ஜான் ஷையர் எடுத்துக்காட்டாவார்: 2010இல் அணித்தலைவர்களுள் ஒருவராக இருந்து கோப்பை வென்று, பின்பு அயல்நாடுகளில் ஆடி, 2013இல் பழைய ஆசான் மைக் ஷெஷெவ்ஸ்கியிடமே உதவியாளராகத் திரும்பி, 2022இல் அவருடைய நாற்காலியிலேயே அமர்ந்தார். ஒன்பது ஆண்டுகள் பொறுத்தவருக்கு நாற்காலி கிடைத்தது. பொறுத்த எல்லாருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தவர்க்கும் அது மெத்தையன்று. மேலே கண்ட டீன் ஸ்மித்தின் அணி 1965இல் வெளியூரில் தோற்றுத் திரும்பியபோது, மாணவர்கள் அவருடைய கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டிருந்தனர். துணைப் பயிற்சியாளருக்குக் கொடும்பாவி கட்ட யாரும் துணி செலவழிப்பதில்லை. பதவி உயர்வுக்கு அவசரப்படுவோர் சம்பள விவரத்தோடு இதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.